குழாயடி மண்

கொஞ்சம் தள்ளியே உக்காந்துக்கறேன்க்கா. இல்லை, இடம் போதும். செருப்புல என்னமோ ஒட்டியிருக்கு, உங்க சேலையில பட்டுடப் போகுது, அதான். நான் ஏறின ஸ்டாப்புல யாரோ குப்பையைக் கொண்டாந்து குமிச்சு வச்சிருக்காங்க. உடைச்ச பூசணிக்காய், வாடின வாழைக்கன்னு, மாவிலை, எல்லாத்துக்கும் அடியில கருப்பா என்னமோ. பஸ் வந்த அவசரத்துல நேரா அது மேலயே காலை வச்சுட்டேன். ஆயுத பூஜை முடிஞ்சு ஒரு வாரம் ஆகுது, இன்னும் அள்ளலை. சாயங்காலம் பஞ்சாயத்து டிராக்டர் வந்து அள்ளுமாம், அங்க நின்ன பெரியவர் ஒருத்தர் சொன்னார். நாலு பேர் நின்னு பஸ் ஏறுற இடமாச்சேன்னு யாருக்கும் நினைப்பில்லை.

நாத்தம் வருதா? எனக்குத் தெரியலைக்கா. மூக்கு அடைச்சுக் கிடக்கு. ஜன்னலை நல்லாத் திறந்துக்கோங்க.

சளி இல்லை. அழுதேன். அதனால அடைச்சுக்கிச்சு.

பஸ் ஏன் நின்னுடுச்சு? நான் ஏறி முழுசா ஒரு பர்லாங் கூட வரலையே. காத்தாடி இறக்கையா? காத்துல கரண்டு எடுக்கறாங்களே, அந்தக் காத்தாடியா? ஆமா, அந்தா தெரியுது. எவ்வளவு நீளம். லாரி அங்க நிக்குது, வால் இங்க நிக்குது. அதைத் தாராபுரம் பிரிவுல திருப்பி முடிக்கறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். இன்னைக்கு எல்லாமே இப்படித்தான்.

மடியில இருக்கறதா? மண்ணுக்கா. ஒரு கட்டைப்பை நிறைய மண்ணு. செம்மண்ணு, தென்னந்தோப்பு மண்ணு. எனக்கு இது வேண்டாம். எனக்கு இதால ஒரு பிரயோசனமும் இல்லை. வேண்டாம்னா எதுக்கு வாங்கிட்டு வந்தேன்னு கேக்கறீங்களா? குடுத்தாங்க.

நான் பொதுவா பஸ்ல யார்கிட்டயும் பேச மாட்டேன். பஸ்ல மட்டும் இல்லை, எங்கயுமே. "இந்துஜா, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கே?"ன்னு எங்க அம்மா திட்டிக்கிட்டே இருப்பாங்க. ஆனா நீங்க நான் வந்து உக்காந்ததும் "ஏங்கண்ணு அழுதே?"ன்னு கேட்டீங்க. இந்த ஒரு வாரத்துல யாரும் என்னை அப்படிக் கேக்கலை. அதனால சொல்றேன். குறை சொல்றேன்னு நினைச்சுக்காதீங்க. எனக்குக் குறை சொல்ற பழக்கமே கிடையாது.

நான் கோயமுத்தூர்ல எம்.எஸ்ஸி. படிக்கறேன், நுண்ணுயிரியல். கடைசி வருசம். கடைசி வருசம்னா ஆளுக்கு ஒரு ப்ராஜெக்ட் பண்ணணும். எங்க வகுப்புல எல்லாரும் இலை எடுத்திருக்காங்க. வேப்பிலை, துளசி, பப்பாளி இலை, கொய்யா இலை. இலையை அரைச்சு, சாறு எடுத்து, கிருமி சாகுதான்னு பாக்கறது. வருசா வருசம் அதேதான். கிருமியும் வருசா வருசம் செத்துக்கிட்டேதான் இருக்கு. எனக்கு அது பிடிக்கலை. ஏதாவது ஒரு வேலை செய்யற உயிரைக் கண்டுபிடிக்கணும்னு இருந்தது.

உங்க சேலையில எண்ணெய் கொட்டிடுச்சுன்னு வைங்க. சோப்புப் போட்டுத் தேய்ப்பீங்க, வெந்நீர்ல ஊற வைப்பீங்க, அப்பவும் கறை லேசா நிக்கும். ஆனா எண்ணெய் கொட்டிக் கொட்டி ஊறின மண்ணு இருக்கில்ல, அதுல கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா இருக்கும். அதுக்கு அந்த எண்ணெய்தான் சோறு. ஆனா எண்ணெயை அப்படியே முழுங்க முடியாது. அதனால உடம்புல இருந்து ஒரு நொதியை வெளியில விடும். லைபேஸ்னு பேரு. அந்த நொதி எண்ணெயை வெட்டி வெட்டிச் சின்னதாக்கிக் குடுக்கும், இது சாப்பிடும். அந்த நொதியை மட்டும் தனியாப் பிரிச்சு எடுத்துட்டா, சோப்புத்தூள்ல கலக்கலாம். பச்சைத் தண்ணியிலயே கறை போயிடும். சாக்கடையில அடைச்சுக்கிட்டிருக்கற எண்ணெயைக் கரைக்கலாம். எவ்வளவோ பண்ணலாம்.

எல்லா மண்ணுலயும் கொஞ்சம் இருக்கும்தான். ஆனா சுத்தமான மண்ணுல இருக்கறது சோம்பேறி. அதுக்கு வேற சோறு கிடைக்குதில்ல. எண்ணெயைத் தவிர வேற கதியே இல்லாத மண்ணுலதான் கெட்டிக்காரன் இருப்பான். அதுக்குத்தான் எண்ணெய் மில்லுக்கு வந்தேன். நான் ஏறின ஸ்டாப்புல இருந்து உள்ள போனா ஒரு மில்லு இருக்கே, கொப்பரைக் களம் எல்லாம் பெருசா, அதேதான். நாச்சிமுத்து ஐயா மில்லு. உங்களுக்குத் தெரியுமா? சரி.

முதல் தடவை வந்தப்ப கேட்டுக்கு வெளியிலயே ரொம்ப நேரம் நின்னேன். யாராவது என்ன வேணும்னு கேப்பாங்க இல்ல? கேக்கலை. அப்புறம் அவரே வெளியில வந்தார். வெள்ளை வேட்டி, வேட்டி முழுக்க எண்ணெய்க் கறை, அதுல வலது பக்கம் மட்டும் அதிகம். கையைத் துடைக்கற பக்கம் போல. சிரிச்ச முகம்.

"என்னங் அம்மிணி, எண்ணெய்ங்ளா?"ன்னார்.

"ஆமாங்க"ன்னு சொல்லிட்டேன்.

எனக்கு எண்ணெய் வேண்டாம். ஆனா ஒருத்தர் அவ்வளவு பிரியமாக் கேக்கும்போது எப்படி இல்லைன்னு சொல்றது? ஒரு பாட்டில் வாங்கிக்கிட்டு கேட்டுவரைக்கும் போய்ட்டு, திரும்ப வந்து, "மண்ணு வேணுங்க"ன்னேன்.

"என்னது?"

"மண்ணுங்க."

"சத்தமாச் சொல்லுங் அம்மிணி, மிஷின் ஓடுதில்ல."

ஒரு காலேஜ் பொண்ணு வந்து நின்னா மிஷினை நிறுத்திட்டுக் கேக்கலாம் இல்லையா? கையை நீட்டிக் காட்டினேன். நான் காட்டினது எண்ணெய் டேங்குக் குழாயடியை. டின்னுல எண்ணெய் பிடிக்கும்போதெல்லாம் சொட்டிச் சொட்டி, அந்த இடத்துல மண்ணு தார் மாதிரி கருத்து, உருக்கின கருப்பட்டி மாதிரி பளபளன்னு இருந்தது. பழைய தேங்காய் எண்ணெய் பாட்டிலை ரொம்ப நாள் கழிச்சுத் திறந்தா ஒரு காறல் வாசனை வருமே, அந்த வாசனை. அது வந்தாலே எண்ணெயை யாரோ உள்ள உடைச்சுக்கிட்டிருக்காங்கன்னு அர்த்தம். மத்தவங்களுக்கு அது நாத்தம். எனக்கு அது பூ வாசனை மாதிரி. தூக்கத்துல கேட்டாலும் அந்த வாசனையைக் கண்டுபிடிச்சிடுவேன்.

ஆனா அவர் குழாயடியைப் பாக்கலை. அதுக்குப் பின்னாடி இருந்த தென்னந்தோப்பைப் பாத்துட்டார். "ஓ, நம்ம தோப்பு மண்ணுங்ளா! அருமையான மண்ணுங். செடி வெக்கறதுக்குங்ளா?"ன்னு கேட்டுக்கிட்டே ஆளை விட்டு ஒரு பை நிறைய வெட்டிப் போடச் சொல்லிட்டார். இதே மாதிரி செம்மண்ணு. அவ்வளவு மண்ணைத் தூக்கிக்கிட்டு ரெண்டு பஸ் மாறிப் போனேன். எடுத்து வளத்துப் பாத்தா ஒண்ணும் வரலை. எப்படி வரும்?

வேற மண்ணுன்னு ஏன் சொல்லலைன்னா, அவர் அதுக்குள்ள மண்ணை வெட்டச் சொல்லிட்டார்க்கா. வெட்டினதுக்கு அப்புறம் எப்படிச் சொல்றது?

ரெண்டாவது தடவை நான் யாரையும் கேக்கலை. கேட்டாத்தானே இந்தத் தொல்லை. கிருமி நீக்கின சின்னக் கரண்டியும் கவரும் கைப்பையில வச்சுக்கிட்டேன். மறுபடியும் எண்ணெய் வாங்க வந்த மாதிரி உள்ள போய், குழாயடி வந்ததும் செருப்பு வாரைச் சரி பண்ற மாதிரி குனிஞ்சு உக்காந்தேன். மூச்சு விட்டா மண்ணுல படுமேன்னு மூக்கை ஒரு கையால பிடிச்சுக்கிட்டேன். வெளியில இருந்து ஒரு கிருமியும் சேரக் கூடாதில்ல. ஒரே சுரண்டல், கவருக்குள்ள போட்டு மூடிட்டேன். நிமிர்ந்து பாத்தா நாச்சிமுத்து ஐயா டீ டம்ளரோட நின்னு என்னையே பாத்துக்கிட்டிருக்கார்.

"என்னாச்சுங் அம்மிணி? செருப்பு அந்துருச்சுங்ளா?"

"ஆமாங்க."

"ஏ புள்ளை, ஒரு ஊக்கு கொண்டா, இந்தப் புள்ளைக்குச் செருப்பு அந்துருச்சு!"

அவர் வீட்டுக்காரம்மா தாலிக்கொடியில இருந்து ஊக்கைக் கழட்டிக்கிட்டு ஓடி வந்தாங்க. நல்லா இருந்த வார்ல நான் ஊக்கைக் குத்திக்கிட்டேன். வேற என்ன பண்றது? இந்தா, இன்னும் இருக்கு பாருங்க, இடது கால்ல. அது கருப்பா ஒட்டியிருக்கறதால தெரியலை.

அந்த மண்ணுல வந்தது அக்கா.

பால் மாதிரி கலங்கின ஒரு தட்டு செய்வோம், கடற்பாசிப் பொடியில. அதுல ஒரு கொழுப்பைக் கலந்துடுவோம். அதனாலதான் வெள்ளையா கலங்கி இருக்கும். எந்த பாக்டீரியா அந்தக் கொழுப்பைத் தின்னுதோ, அதைச் சுத்தி மட்டும் கலங்கல் தெளிஞ்சு கண்ணாடியாயிடும். ரெண்டாம் நாள் காலையில, தட்டை வளக்கற சூட்டுப் பொட்டியைத் திறக்கறேன். தட்டு முழுக்கப் புள்ளி புள்ளியா முளைச்சிருக்கு. எல்லாத்தையும் சுத்தி வெள்ளைதான். ஓரத்துல ஒரே ஒரு புள்ளி, வெண்ணெய் நிறத்துல, நடுவுல லேசா குழிஞ்சு. அதைச் சுத்தி ஒரு வட்டம். நிலா கோட்டை கட்டியிருக்கும்ல, அந்த மாதிரி. அவ்வளவு பெரிய வட்டம் நான் புத்தகத்துலயும் பாத்ததில்லை. லேப்ல யாரும் இல்லை. நான் அதைக் கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னேன். அப்புறம் அதை மட்டும் தொட்டு வேற தட்டுல இழுத்துப் பாத்தேன். அங்கயும் வட்டம். திரும்பவும் இழுத்தேன். திரும்பவும் வட்டம்.

மூணு வருசம் பி.எஸ்ஸி.யும் அதே காலேஜ்தான். இன்னும் என்னை "அந்த நீலப் பை பொண்ணு"ன்னு சொல்றவங்க இருக்காங்க. ஆனா அது என் தட்டுலதான் வந்தது.

காட்டாம இருப்பேனா? காட்டினேன். எங்க வழிகாட்டி வசுந்தரா மேடம். தட்டை எடுத்துக்கிட்டு அவங்க ரூம் வாசல்ல போய் நின்னேன். போன்ல பேசிக்கிட்டிருந்தாங்க. பரீட்சை ஹாலுக்கு நாற்காலி பத்தலைன்னு. என்னைப் பாத்து, "வச்சுட்டுப் போம்மா"ன்னு கையைக் காட்டினாங்க. மேசையில பாதி குடிச்ச காபி, விடைத்தாள் கட்டு, கடலைமிட்டாய் பொட்டலம். அதுக்கு நடுவுல இதை வச்சுட்டுப் போறதா? எனக்கு மனசு வரலை. திரும்பக் கொண்டு வந்துட்டேன். அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு நடையில எதிர்ல வந்தாங்க. "ஏம்மா, ஏதாவது வந்துச்சா?"ன்னு கேட்டாங்க. நடந்துக்கிட்டே கேட்டாங்கக்கா. அப்படிக் கேட்டா என்ன சொல்றது? நின்னு பேச வேண்டிய விஷயம் இல்லையா அது? "வந்துட்டிருக்கு மேடம்"னேன். "குட்"னுட்டுப் போய்ட்டாங்க. இதுதான் அவங்க வழிகாட்டற லட்சணம்.

என்னக்கா, இன்னும் மூக்கைப் பொத்திக்கிட்டே இருக்கீங்க. அவ்வளவு நாத்தமா? காலை அந்தப் பக்கம் வச்சுக்கறேன்.

எங்க விட்டேன்? ஆங், பிரிட்ஜைப் பத்திச் சொல்ல வந்தேன். வளத்த தட்டைக் குளிர்ல வைக்கணும். எங்க லேப் பிரிட்ஜ்ல ஒவ்வொருத்தரும் ஒரு அடுக்கைப் பிடிச்சுக்கிட்டாங்க. பேரு எழுதி ஒட்டி, அதுக்கு மேல பூவெல்லாம் வரைஞ்சு. பவதாரணின்னு ஒருத்தி, பப்பாளி இலை, அவளுக்கு மட்டும் ஒரு அடுக்கு முழுக்க. கொஞ்சம் தள்ளி வச்சுக்கோன்னு நானாப் போய்க் கேக்கணுமா? அவளுக்காத் தெரிய வேண்டாம்? நான் கேக்கலை. என் தட்டை, அதோட ஒரு கண்ணாடிக் குழாய்லயும் கொஞ்சம் எடுத்து வச்சிருந்தேன், ரெண்டையும் காயிதத்துல சுத்தி, கீழ காய்கறி வைக்கற டிராயர்ல, ஆழமா வச்சுட்டேன். யாரும் அங்க கை விட மாட்டாங்க. பேரு எழுதலை. பச்சை மையில அடியில ஒரு புள்ளி வச்சேன். எனக்குத் தெரிஞ்சாப் போதும் இல்லையா?

அப்புறம்தான் சரஸ்வதி பூஜை வந்தது.

எங்க லேப் உதவியாளர் மாராத்தக்கா. நல்ல மாதிரிதான். நெத்தியில பெரிய பொட்டு, எப்பவும் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கிட்டே இருப்பாங்க. பூஜைக்கு முன்னாடி லேப்பையே புரட்டிப் போட்டுக் கழுவறது அவங்க வழக்கம். வாசல்ல நின்னு கையைத் தட்டி, "சாமிகளா, அவங்கவங்க தட்டை எடுத்து வெளிய வெச்சுக்கோங்க! பேரில்லாதது பூராம் குக்கருக்குப் போயிரும், அப்புறம் எங்கிட்ட வந்து அழுகக் கூடாது!"ன்னாங்க. குக்கர்னா சோத்துக் குக்கர் இல்லைக்கா. பழைய தட்டையெல்லாம் போட்டு ஆவியில வேக வச்சு, எல்லா உயிரையும் கொன்னு, கழுவி வைக்கற மிஷின்.

கேட்டேன். நான் கதவுக்குப் பக்கத்துலதான் நின்னுக்கிட்டிருந்தேன். ஆனா அவங்க எல்லாருக்கும் பொதுவாத்தானே சொன்னாங்க? என்னைப் பாத்துச் சொல்லலையே. என் தட்டு அநாதைத் தட்டு இல்லையே, அதுக்கு நான் இருக்கேனே.

லீவு முடிஞ்சு வந்து பாக்கறேன். பிரிட்ஜ் மேல சந்தனம், குங்குமம், கைப்பிடியில ஒரு முழம் கதம்பம். தராசுக்குப் பொட்டு, மைக்ராஸ்கோப்புக்குப் பொட்டு, அந்தக் குக்கருக்கும் பொட்டு. திறந்தா உள்ள பளபளன்னு இருக்கு. கீழ் டிராயரைக் கழுவித் துடைச்சு, புதுக் காயிதம் விரிச்சு வச்சிருக்காங்க. அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்லை.

நான் அங்கயே நின்னேன். மாராத்தக்காவே வந்து, "என்ன சாமி தேடறே?"ன்னாங்க. நான் அந்தக் கீழ் டிராயரைக் காட்டினேன்.

"அய்யோ, அந்தக் காயிதப் பொட்டலமா? எவளோ சோத்துப் பொட்டலத்த வெச்சுட்டு மறந்துட்டான்னு நெனச்சேன் சாமி. பிரிச்சா தட்டு. பேரில்லை, ஊரில்லை. மேடத்துகிட்டயே காட்டுனேன். யாரோடதுன்னு அவங்களுக்கும் தெரியலை. அன்னைக்குக் கையத் தட்டிக் கேட்டனே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எம் மடியிலயே வெச்சுக் காப்பாத்தியிருப்பனே!"

பாருங்க, தப்பு என்மேலங்கற மாதிரி. "அதுல ஒரு வட்டம் வந்திருந்தது"ன்னு மட்டும் சொன்னேன். எனக்குன்னு எடுத்து வச்சிருந்த சுண்டலை ஒரு கிண்ணத்துல போட்டுக் குடுத்தாங்க. வாங்கித் தின்னுட்டு வந்துட்டேன்.

மேடம் கூப்பிட்டாங்க. "வட்டம் வந்துச்சுன்னு மாராத்தாகிட்ட சொன்னியாமே, எனக்கு ஏன் காட்டலை?"ங்கறாங்க. நான் காட்டலையாம்! "போட்டோவாவது இருக்கா?"ன்னாங்க. இருந்தது. போன்ல எடுத்திருந்தேன். தட்டு மேல ட்யூப் லைட் வெளிச்சம் விழுந்து, எது வட்டம், எது வெளிச்சம்னு தெரியலை. "இது லைட்டுதானேம்மா?"ன்னாங்க. பின்னாடி நின்ன பவதாரணி சிரிச்சா. சத்தம் வராமச் சிரிச்சா, ஆனா எனக்குத் தெரியும், அவ சிரிச்சா தோள் மட்டும் குலுங்கும்.

கடைசியா மேடம் சொல்லிட்டாங்க. "திங்கக்கிழமைக்குள்ள அதே மண்ணைக் கொண்டு வந்து திரும்ப ஆரம்பிச்சுடு. இல்லைன்னா நேரம் பத்தாது, இலைக்கு மாறிக்கோ. முருங்கையிலை இன்னும் யாரும் எடுக்கலை."

முருங்கையிலைக்கா. நினைச்சுப் பாருங்க. அப்படி ஒரு வட்டத்தைக் கண்ணால பாத்துட்டு, முருங்கையிலையை உருவிக்கிட்டு உக்காரணும். அந்த வட்டம் வந்ததைப் பாத்த ஆளு உலகத்துலயே நான் ஒருத்திதான். நானும் இலைக்குப் போய்ட்டா அது வரவே இல்லைன்னு ஆயிடும்.

அதனால இன்னைக்கு விடிஞ்சதும் கிளம்பி வந்தேன். மண்ணு எங்க போகப் போகுது? அது அங்கயேதான் கிடக்கும், வருசக்கணக்கா கிடந்த மண்ணு. பஸ்ல வரும்போதெல்லாம் அந்த நினைப்புத்தான். அதே குழாயடி, அதே கருப்பு, அதே வாசனை. இந்தத் தடவை அஞ்சாறு கவர்ல எடுத்துடணும்னு கவரெல்லாம் கொண்டு வந்தேன். இந்தா பாருங்க, கைப்பையில, பிரிக்காம அப்படியே இருக்கு.

உள்ள போறேன். கேட்டுல மாவிலை காஞ்சு தொங்குது. மிஷினுக்கெல்லாம் பொட்டு, டேங்குக்கு ஒரு பட்டை விபூதி. குழாயடியில சிமெண்டு.

ஆமா, சிமெண்டு. பளபளன்னு, வாட்டம் பாத்து, ஓரத்துல ஒரு சின்ன வாய்க்காலும் விட்டு. சிமெண்டு மேல கலர்ப் பொடியில கோலம் வேற.

நாச்சிமுத்து ஐயா என்னைப் பாத்ததும் ஓடி வந்தார். "வாங் அம்மிணி, வாங்! நானே நெனச்சேன், அந்தப் புள்ளை வந்து பாத்தா சந்தோசப்படும்னு. எப்படி இருக்குதுங்?"

நான் குனிஞ்சு சிமெண்டைத் தொட்டுப் பாத்தேன்.

"போன தடவை வந்தப்ப நீங்க அந்த எடத்தையே பாத்துட்டு, மூஞ்சியச் சுளிச்சுட்டு, மூக்கப் புடிச்சுட்டு உக்காந்திருந்தீங். எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சுங். படிச்ச புள்ளை, நம்ம மில்லப் பத்தி என்ன நெனச்சிருக்கும்? ஊட்டுக்காரி அன்னைக்கு ராத்திரி பூராம் என்னைப் பேசிப்போட்டா. 'ஊருக்கே எண்ணெய் ஆட்டிக் குடுக்கறீங்க, உங்க குழாயடி நாறுது, காலேஜ்ப் புள்ளை மூக்கப் புடிக்குது'ன்னு. அதாங், பூசை வேலையோட வேலையா மம்பட்டி போட்டு அத்தனையும் சொரண்டி, வண்டியில அள்ளி வெளிய எறிஞ்சு, ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, சிமெண்டு பூசியாச்சு. எல்லாம் உங்களாலதாங் அம்மிணி."

நான் மூஞ்சியைச் சுளிச்சேனாம். அக்கா, நான் அந்த மண்ணை எவ்வளவு ஆசையாப் பாத்தேன் தெரியுமா? ஒரு மனுசன் முகத்தைப் பாத்தா அது ஆசையா அருவருப்பான்னு தெரியாதா? எனக்கெல்லாம் தெரியும். நான் யாரையும் ஒரு தடவை பாத்தாப் போதும்.

நான் என்ன சொன்னேன்னா, "நல்லா இருக்குங்க"ன்னேன். பின்ன? அந்த மனுசன் அவ்வளவு சந்தோசமா நிக்கறார்.

"மண்ணுக்குத்தானுங் வந்தீங்? எனக்குத் தெரியுமே!"ன்னு சொல்லி ஆளைத் தோப்புக்கு விரட்டினார். அவர் வீட்டுக்காரம்மா பொரியும் வெல்லமும் பொட்டலம் கட்டிக் குடுத்தாங்க. செருப்பைப் பாத்து, "இன்னும் அந்த ஊக்கோடவா நடக்கறே? புதுசு வாங்கிக்க சாமி"ன்னாங்க. எல்லாத்துக்கும் தலையை ஆட்டிட்டு வெளியில வந்து, களம் தாண்டுற வரைக்கும் அடக்கிக்கிட்டு, அப்புறம் ஸ்டாப் வரைக்கும் அழுதுக்கிட்டே வந்தேன். எதிர்ல என்ன இருக்கு, கீழ என்ன கிடக்குன்னு ஒண்ணும் பாக்கலை. பஸ் வந்தது, மிதிச்சேன், ஏறினேன்.

இதுல என் தப்பு என்னக்கா? நான் யாரையாவது ஒரு வார்த்தை கடிஞ்சு சொல்லியிருக்கேனா? யாருமே ஒரு மனுசி என்ன சொல்ல வர்றாங்கறதைக் காது குடுத்துக் கேக்கறதில்லை. அவ்வளவுதான். நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு. இனி அந்த மாதிரி மண்ணுக்கு எங்க போவேன்?

பொரி சாப்பிடறீங்களா? வேண்டாமா? என்னக்கா, வயித்தைப் புரட்டுதா? சாக்கடை மாதிரியா அடிக்குது? இல்லையா? பின்ன என்ன மாதிரி?

என்ன எண்ணெய்?

திரும்பச் சொல்லுங்க. பழைய தேங்காய் எண்ணெய் மாதிரியா? காறலா?

அக்கா, உங்களுக்கு நல்லாத் தெரியுமா? கொப்பரைக் களத்து வாசனையா இருக்கப் போகுது, இந்தப் பக்கமெல்லாம் அதுதானே. என் கால்ல இருந்தா வருது? இருங்க. பசை மாதிரி வருது. கருப்பா, விரல்ல தேய்ச்சா மினுமினுங்குது. எனக்கு மூக்குல ஒரு இழவும் ஏறலையே. அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க, இந்த விரலை ஒரு தடவை மோந்து பாருங்க. லேசா. காறலேதானா? சத்தியமாவா?

அந்த மாவிலை. கேட்டுல தொங்கினதும் அந்தக் குமியில கிடந்ததும் ஒரே ஒட்டு மா இலை, நீளநீளமா. பூசணிக்காயில மிஷினுக்கு வைக்கற அதே சந்தனம். வண்டியில அள்ளி வெளிய எறிஞ்சோம்னார். அது வெளியதானே? அக்கா, ப்ளீச்சிங் பவுடர் போடறதுக்கு முன்னாடி சுரண்டினது அது. முன்னாடி! ஒரு வண்டி மண்ணு! நான் அதுமேல ஏறி மிதிச்சுட்டு, திட்டிக்கிட்டு வந்திருக்கேன்.

செருப்புல இருக்கறது ஆகாதுக்கா, நான் நடந்த இடமெல்லாம் அதுல கலந்திருக்கும். குமிக்குள்ள கையை விட்டு, வெயில் படாத ஆழத்துல இருந்து எடுக்கணும். சாயங்காலம் டிராக்டர் வந்துடும்னாரே. மணி என்ன? திரும்பிப் பாருங்க, ஸ்டாப்பு இங்க இருந்தே தெரியுது. நடந்தே போயிடலாம்.

அய்யோ, லாரி திரும்பிடுச்சு. இறக்கை போயிடுச்சு. பஸ்ஸை எடுக்கறாங்க.

அண்ணா... நிறுத்துங்க...

பாத்தீங்களா? காதுலயே விழலை அவருக்கு. விசிலை ஊதிட்டு டிக்கெட்டை எண்ணிக்கிட்டிருக்கார். நான் இவ்வளவு நேரம் என்ன சொன்னேன்? எல்லாருமே இப்படித்தான்.

வேண்டாம், நீங்க கத்தாதீங்க, எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. கையை விடுங்கக்கா. இந்தப் பையை நீங்களே வச்சுக்கோங்க, செடி வைங்க, நிஜமாவே நல்ல மண்ணு. கொஞ்சம் காலை ஒதுக்குங்க. வேகம் எடுக்குதே.

இருங்க, இன்னொரு தரம் கூப்பிடறேன்.